பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் வருகிறதா? குறி போடும் நாளிலிருந்து சாவி வாங்கும் நாள் வரை பெற்றோர் செய்ய வேண்டியவை

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்ட ஆணை வந்திருக்கிறது என்று தலைமை ஆசிரியை சொன்ன அன்று, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த நாங்கள் கைதட்டினோம், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டோம், சாயா குடித்துவிட்டுக் கலைந்தோம். தீர்மானத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவரும் வாசிக்கவில்லை. அஸ்திவாரக் குழி தோண்டி முடிந்த பிறகுதான் தெரிந்தது, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகிற வழியை மறித்துக் கட்டடம் வருகிறது என்று. இப்போது பிள்ளைகள் சமையற்கூடத்தைச் சுற்றித்தான் போகிறார்கள். அதை இனி மாற்ற முடியாது. ஆனால் அந்தத் தப்புக்குப் பிறகு நாங்கள் விழித்துக்கொண்டு செய்த வேலைகள் உண்டு. அடுத்த பள்ளிக்காவது உதவட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. எந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டாலும் நாலு கொத்தனார், ஒரு கம்பி கட்டுகிறவர், வளைகுடாவில் போர்மேனாக இருந்துவிட்டு வந்த ஒருவர் என்று யாராவது கட்டாயம் இருப்பார்கள். கேரளத்துக்குப் போய் மாடி மாடியாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர், சொந்தப் பிள்ளை உட்காரப் போகிற வகுப்பறைக்குக் காங்கிரீட் போடும்போது ரோட்டில் பைக்கை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். உள்ளே வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான் காரணம்.

முதலில்: காசு யாருடையது, கட்டுவது யார்?

இது தெரியாமல் எதுவும் கேட்க முடியாது. தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்களைப் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம் கட்டும், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒன்றியப் பொறியாளரும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுவாகப் பொதுப்பணித் துறை. நாகர்கோவில் மாநகராட்சிக்குள்ளோ குளச்சல், குழித்துறை போன்ற நகராட்சிகளிலோ இருக்கும் சில பள்ளிகளில் அந்தந்த நகர அமைப்பு வரலாம். பணம் நபார்டு வங்கிக் கடனாக இருக்கலாம், பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டமாக இருக்கலாம், எம்எல்ஏ அல்லது எம்பி தொகுதி நிதியாக இருக்கலாம், ஊர்க்காரர்களும் பங்கு போடும் நமக்கு நாமே திட்டமாகவும் இருக்கலாம். திட்டம் எது, செயல்படுத்தும் துறை எது, பொறுப்பான உதவிப் பொறியாளர் யார், மூன்றையும் தலைமை ஆசிரியரிடம் கேட்டு முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு, அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கேட்க நமக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால்: 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான், குழுவில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவதும், வருகிற நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் குழுவின் வேலை என்று அதிலேயே இருக்கிறது.

அரசு உதவிபெறும் பள்ளிகள் நம் மாவட்டத்தில் ஏராளம், அங்கே கதை கொஞ்சம் வேறு. 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிகளின் குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். கட்டடம் நிர்வாகத்துடையது. அங்கே தாளாளரிடம் பேசிப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் இரண்டு பேரைக் கட்டடக் குழுவில் சேர்க்கச் சொல்வதுதான் வழி. ஊர்ப்பணமும் கோயில் பணமும் சேர்ந்து கட்டும் இடங்களில் இதற்கு மறுப்பு வருவது குறைவு.

ஆளைச் சேர்ப்பது

இருபதுக்கு மேற்பட்டவர்கள் கொண்ட முழுக் குழு கட்டடத்தைப் பார்க்க முடியாது. ஐந்தாறு பேர் போதும். ஒரு கொத்தனார், ஒரு கம்பி வேலைக்காரர், கணக்கெழுதத் தயங்காத ஒரு அம்மா, பள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர், ஒரு ஆசிரியர், ஒரு முன்னாள் மாணவர். பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிடாதீர்கள். லாரி ராத்திரி பத்து மணிக்கு வந்து மணல் தட்டிவிட்டுப் போவதும் சிமெண்ட் மூட்டை திரும்ப ஏறுவதும் அவர் கண்ணுக்குத்தான் படும்.

ஒப்பந்தக்காரருக்குச் சொந்தக்காரர், அவரிடம் கூலி வாங்குகிறவர், ஜல்லியோ வாடகை வண்டியோ கொடுக்கிறவர் இந்தக் குழுவில் வேண்டாம். ஊரில் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் நேரடியாகக் காசு புழங்குகிற உறவு வேண்டாம். அதேபோல ஆண்டு விழாவுக்குப் பந்தல், கோயில் கொடைக்கு நன்கொடை என்று அதே ஒப்பந்தக்காரரிடம் போய் நிற்கவும் கூடாது. ஒருமுறை வாங்கிவிட்டால் அப்புறம் மூட்டையை எண்ண நாக்கு எழாது.

நேரம்தான் பெரிய சிக்கல். வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் போட்டால் அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலைக்குப் போகிற அம்மாக்கள் வர முடியாது, ஒருநாள் கூலி போய்விடும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் காலையில் இல்லை, மீன் கொண்டு விற்கப் போகிறவரும் காலையில் இல்லை. எங்களுக்கு ஒத்துவந்தது ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. மேலாண்மைக் குழுவின் முறையான கூட்டம் அதன் நாளில் நடக்கட்டும், கட்டடக் குழு தனக்கு வசதியான நேரத்தில் கூடி, பேசியதை அங்கே தீர்மானமாகக் கொண்டுவந்தால் போதும்.

காகிதம் கைக்கு வர வேண்டும்

நான்கு காகிதம்: வரைபடம், மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்த நிபந்தனைகள். மதிப்பீட்டை எஸ்டிமேட் என்று கேட்டால்தான் அலுவலகத்தில் புரியும். எந்தக் கலவை, எந்த அளவுக் கம்பி, ஜன்னல் எத்தனை, மின்விசிறி எத்தனை, சாய்வுப் பாதை உண்டா என்று எல்லாம் அதில் இருக்கும். பணி ஆணையில் முடிக்க வேண்டிய தேதி இருக்கும். கட்டடம் ஒப்படைத்த பிறகு எத்தனை காலம் வரை ஒப்பந்தக்காரரே குறைகளைச் சரிசெய்து தர வேண்டும் என்பது நிபந்தனைகளில் இருக்கும், அந்த வரியை மட்டும் தனியாகப் படம் எடுத்து வையுங்கள்.

முதலில் மரியாதையாகக் கேளுங்கள். எங்களுக்கு ஓவர்சியர் சிரித்துக்கொண்டே ஜெராக்ஸ் கொடுத்தார். கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 2005-ம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் தகவல் உரிமை என்றால் காகித நகல் மட்டும் இல்லை. நடக்கிற வேலையை நேரில் பார்வையிடுவதும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுப்பதும் அந்த உரிமைக்குள் வருகிறது. மனுவில் இதையும் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்.

கிராம சபையையும் விட வேண்டாம். இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடைசித் தேதி நம் மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும்கூட, மறக்காது. உள்ளாட்சியில் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் இருக்கிற காலத்தில் கேட்க ஆளில்லை என்று சோர்ந்துபோகாமல், கிராம சபைப் பதிவேட்டில் கேள்வியை ஏற்றிவிடுங்கள். எழுத்தில் ஏறிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது கொஞ்சம் கஷ்டம்.

சுண்ணாம்புக் குறி போடும் முன்

நாங்கள் கோட்டைவிட்ட இடம் இதுதான். குறி போடும் அன்று பொறியாளர் வருவார், கயிறு கட்டுவார்கள், ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு முந்தைய நாளே நீங்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தை நடந்து பார்த்திருக்க வேண்டும். கழிப்பறைக்கு வழி, சத்துணவுக் கூடத்துக்கு விறகோ சிலிண்டரோ வரும் வழி, கிணறு, பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடம். மழை பெய்தால் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கமெல்லாம் நிலம் ஏறி இறங்கித்தான் கிடக்கிறது. மேட்டு நிலத்துத் தண்ணீர் முழுக்க அஸ்திவாரத்தில் வந்து நிற்கிற மாதிரி கட்டிவிட்டு, பிறகு சுவரில் ஓதம் என்று புலம்புகிற பள்ளிகள் எத்தனையோ. தாங்குசுவர் தேவைப்பட்டால் அது மதிப்பீட்டில் இருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். பிறகு கேட்டால் நிதி இல்லை என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும்.

பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் கேட்டது ஒன்றே ஒன்று, கழிப்பறைக் கதவின் உள்தாழ்ப்பாள். பெரியவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. கைகழுவும் குழாய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுமா, கரும்பலகையில் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசுமா என்பதையெல்லாம் பிள்ளைகளும் டீச்சர்மாரும்தான் சொல்வார்கள்.

சாய்வுப் பாதைக்கு ஒரு எளிய கணக்கு: ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். தரைமட்டம் இரண்டு அடி உயர்ந்தால் பாதை 24 அடி போக வேண்டும். இடமில்லை என்று ஆறடியில் முடித்துவிடுகிறார்கள், அதில் சக்கர நாற்காலி ஏறாது, பிள்ளைகள் சறுக்கி விளையாடுவதற்குத்தான் ஆகும்.

வேலை நடக்கும் இடத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே தகரமோ வலையோ கட்டாயம் வேண்டும். குழியை மூடிவைக்க வேண்டும், தற்காலிக மின்வயர் தரையில் கிடக்கக் கூடாது, காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை லாரி உள்ளே வரக் கூடாது. பழைய கட்டடம் இடிக்கிற வேலை இருந்தால் விடுமுறை நாளில் மட்டும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் தன்மையாகப் பேச வேண்டிய அவசியமில்லை.

பொருள் வந்து இறங்கும்போது

இங்கேதான் நம் கொத்தனார்களின் கண் வேலை செய்யும். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சடித்திருக்கும், மூன்று மாதம் தாண்டியிருந்தால் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) என்ற பெயரில் வெறும் பாறைப்பொடி வருகிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீருமாகப் போட்டுக் குலுக்கி வைத்தால், கொஞ்ச நேரத்தில் மேலே சேற்று அடுக்கு எவ்வளவு தடிமனாக நிற்கிறது என்று யாருக்கும் தெரியும். செங்கல்லை இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது.

கம்பிக்கு நாங்கள் செய்தது கொஞ்சம் வேடிக்கை. வெட்டிப் போட்ட 12 மி.மீ. துண்டு ஒன்றைச் சரியாக ஒரு மீட்டர் அளந்து எடுத்து, முக்குப் பலசரக்குக் கடைக்காரரின் எலக்ட்ரானிக் தராசில் வைத்தோம். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 888 கிராம் இருக்க வேண்டும், 10 மி.மீ. என்றால் 617, 8 மி.மீ. என்றால் 395. கொஞ்சம் முன்பின் இருக்கலாம், நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தால் கேள்வி கேட்கலாம். எங்களுக்கு 871 காட்டியது. கடைக்காரர், “பருப்புக்குக்கூட இப்படி நிறை பாக்க மாட்டீங்களே” என்றார். சரி, அன்றைக்குக் கம்பி விஷயத்தில் ஒப்பந்தக்காரர் மேல் எங்களுக்கு மதிப்பு கூடியது, அதையும் சொல்ல வேண்டும்.

முட்டம், கடியபட்டணம், தேங்காப்பட்டணம் என்று கடலோரப் பள்ளி என்றால் கூடுதல் கவனம் தேவை. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கும், வீங்கினால் காங்கிரீட் பிளந்து கொட்டும். கம்பியை மூடி நிற்கிற காங்கிரீட்டின் கனம்தான் அதற்குத் தடுப்பு. தூணுக்குச் சாதாரணமாகவே 40 மி.மீ. வேண்டும், கடலோரச் சூழலுக்கு இந்தியத் தரநிலை 45 மி.மீ. சொல்கிறது, காங்கிரீட்டும் எம்-30 தரத்துக்குக் (எண் கூடினால் உறுதி கூடும்) குறையக் கூடாது என்கிறது. உள்ளூருக்குப் போட்ட அதே மதிப்பீட்டைக் கடலோரத்துக்கும் நகலெடுத்திருந்தால் அதை எழுத்தில் கேளுங்கள்.

வார்ப்பு நாள்

எல்லாவற்றையும் விட்டாலும் தளத்துக்குக் காங்கிரீட் போடும் இந்த ஒரு நாளை விடக் கூடாது. காங்கிரீட் இறுகிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. முந்தைய நாள் மாலையே கம்பி கட்டி முடிந்ததும் பொறியாளர் பார்த்து ஒப்புதல் கொடுத்தாரா என்று கேளுங்கள். கம்பியின் இடைவெளியை டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சிறு கட்டையைக் கம்பிக்கு அடியில் வைத்திருக்க வேண்டும், ஜல்லித் துண்டைச் செருகி வைத்திருந்தால் எடுக்கச் சொல்ல வேண்டும்.

அன்று காலை ஆறரைக்கு எங்கள் குழுவில் மூன்று பேர் போய்விட்டோம். அண்டி ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு வந்த ஒரு அக்கா மிக்சருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பழைய கணக்கு நோட்டில் மூட்டைக்கு ஒரு கோடு போட்டார். நாலு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே. ஆபீஸில் பருப்பு எண்ணிப் பழகிய கை. எம்-20 கலவைக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை ஆகும். எங்கள் தளமும் பீமும் சேர்ந்து 14 கன மீட்டர், ஆக 112 மூட்டை. பாதித் தளம் முடிந்து பதினொரு மணிக் கட்டன் சாயா வந்தபோது நோட்டில் 47 கோடுதான் இருந்தது.

மேஸ்திரி சொன்னார், “அக்கா, கணக்கு விட்டிருப்பீங்க.”

“விட்டிருந்தா காலிச் சாக்கு அங்கதான கெடக்கு. எண்ணிப் பாருங்க அண்ணா.”

ஓவர்சியரே எண்ணினார். 47. யாரும் சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த கலவையிலிருந்து சரியாக விழுந்தது. தண்ணீரும் அப்படித்தான், ஹோஸைப் போட்டுவிட்டுப் பையன் போன் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் கொத்தனார் அண்ணன் ஓவர்சியரைக் கூப்பிட்டு, “சார், இது காங்கிரீட்டா கஞ்சியா?” என்று மட்டும் கேட்டார். எம்-20 விகிதக் கலவையில் ஒரு மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்சவரம்பு, சுமார் இரண்டு பிளாஸ்டிக் குடம். ஹோஸை எடுத்துவிட்டுக் குடம் கொண்டுவரச் சொன்னார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, நாங்கள் தொழிலாளியிடம் நேரடியாக எதையும் சொல்லவில்லை. ஓவர்சியரிடமோ பொறியாளரிடமோதான் சொன்னோம். வேலையாட்களை அதட்டினால் அன்றைக்கே வேலையைப் போட்டுவிட்டுப் போவார்கள், பழி பெற்றோர் மேல் விழும்.

க்யூப் எடுக்கிறார்களா என்று பாருங்கள். 15 செ.மீ. கனச்சதுர அச்சில் காங்கிரீட்டை நிரப்பி, 28 நாள் கழித்து உடைத்துப் பார்க்கும் சோதனை. எங்கள் அளவு தளத்துக்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று க்யூப், மொத்தம் ஆறு. அச்சில் ஈரம் காய்வதற்கு முன் தேதியையும் பள்ளியின் பெயரையும் ஆணியால் கீறி, படம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் எந்த ஊர் க்யூப் எந்த ஊர் அறிக்கையில் வருகிறது என்று யார் கண்டது. எங்கள் காலைப் பாதியின் க்யூப் தேறியது, ஆனால் நூலிழையில்தான். அந்த அறிக்கையைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது உண்மை.

தண்ணீரும் முட்டும்

இது சலிப்பான வேலை, அதனாலேயே நடக்காது. கலப்பு சிமெண்ட் போட்டால் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது எளிது, தூணுக்குச் சாக்கு சுற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யார் நனைப்பது என்று ஒரு பட்டியல் போட்டு முன்னாள் மாணவர்களிடம் கொடுத்தோம். ஆனி ஆடியில் சாரல் பெய்கிறதே என்று விட்டுவிட வேண்டாம், நம்மூரில் இரண்டு பருவமழை இருந்தாலும் நடுவில் நாலு நாள் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

தளத்தைத் தாங்கி நிற்கிற முட்டுக் கம்புகளைப் பிரிக்க அவசரப்படுவார்கள், பலகையும் கம்பும் அடுத்த வேலைக்குப் போக வேண்டுமே. அகலம் 4.5 மீட்டருக்கு மேல் இருக்கும் தளத்துக்கு 14 நாள், 6 மீட்டருக்கு மேல் நீளும் பீமுக்கு 21 நாள் முட்டு நிற்க வேண்டும். தேதியைச் சுவரில் கரியால் எழுதிவைத்தோம்.

கோளாறு கண்டால்

முதலில் ஓவர்சியர், பிறகு உதவிப் பொறியாளர், வாயால் ஒருமுறை, எழுத்தில் ஒருமுறை. மூன்று நாளில் அசையாவிட்டால் மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். அதற்கும் மேல் என்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், முதல்வரின் முகவரிக்கு 1100, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவது கடைசிக் கட்டத்துக்கு. முதலிலேயே போட்டுவிட்டால் எல்லாரும் தற்காப்புக்கு இறங்கிவிடுவார்கள், சுவர் அப்படியே நிற்கும்.

சாவி வாங்குவதற்கு முன்

திறப்பு விழாத் தேதி குறித்துவிட்டார்கள் என்றால் எல்லாரும் அவசரப்படுத்துவார்கள். தலைமை ஆசிரியர் ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் குழு ஒரு சுற்று நடக்க வேண்டும். தளத்தில் தண்ணீர் தேக்கி ஒருநாள் ஒழுகல் பார்ப்பது, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பார்ப்பது, ஜன்னல் கொண்டி, குழாய், கழிப்பறைத் தாழ்ப்பாள், மதிப்பீட்டில் சொன்ன மின்விசிறி எண்ணிக்கை. குறைகளைப் பட்டியலிட்டுக் கடிதத்தோடு இணைத்துவிட்டால் கையெழுத்துப் போடலாம், திறப்பு விழாவையும் நிறுத்த வேண்டாம்.

குறை சரிசெய்து தரும் காலம் முடியும் தேதியைத் தலைமை ஆசிரியர் அறைக் காலண்டரில் எழுதுங்கள், புதுக் காலண்டர் மாட்டும்போது மறுபடியும் எழுதுங்கள், ஆசிரியர்கள் மாறிப் போவார்கள். முதல் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருவர் மாடியில் ஏறி வடிகால் குழாய் வாயைப் பார்க்க வேண்டும். எங்கள் பள்ளியில் பக்கத்து அயனி மரத்து இலை முழுக்க அங்கேதான் வந்து அடைக்கிறது. அதற்கு வலை கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, எங்கள் கொத்தனார் அண்ணன் இப்போதைக்குப் பழைய மீன்வலைத் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்.